பைக் பின்னாடி சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்கா? உடைஞ்சா எப்படி மாத்துறது.. விதி என்ன சொல்லுது? முழு விவரம்!

பைக்குக்கு இன்ஜின் ஆயில் எப்போ மாத்தணும், டயர் எப்போ தேயும்னு கணக்கு வெச்சிருப்போம். ஆனால் பின்பக்க மட்கார்டில் இருக்கும் அந்தச் சின்ன சிவப்பு ரிஃப்ளெக்டர் இப்போ வண்டியில் இருக்கான்னு கேட்டால், பலருக்கும் உடனே பதில் சொல்ல முடியாது. பார்க்கிங்கில் இடித்து உடைந்திருக்கும். வாட்டர் வாஷில் கழன்று விழுந்திருக்கும். ஸ்டைலுக்காக மட்கார்டை கட் பண்ணும்போது அதோடு போயிருக்கும்.

இரவில் வண்டியின் இன்ஜினும் லைட்டும் ஆஃப் ஆன பிறகும், பின்னால் வரும் டிரைவருக்கு "இங்கே ஒரு பைக் நிக்குது" என்று காட்டுவது இந்த ரிஃப்ளெக்டர்தான்.

டெயில் லைட் இருக்கே, இது எதுக்கு?

டெயில் லைட் எரிய பேட்டரி வேணும், பல்பு வேணும், ஒயரிங் சரியா இருக்கணும். பெரும்பாலான பைக்குகளில் பின்னால் இருப்பது ஒரே ஒரு டெயில் லைட். அது ஃபியூஸ் ஆனால், ஓட்டுபவருக்கு அந்த நேரத்தில் தெரியவே தெரியாது. பெட்ரோல் தீர்ந்தோ, பஞ்சராகியோ சாலையோரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போதும் இதே நிலைதான்.

60 கி.மீ. வேகத்தில் வரும் ஒரு கார், 1 விநாடியில் சுமார் 17 மீட்டர் நகர்ந்துவிடும். அதாவது டிரைவர் நம்மை 2 விநாடி முன்னதாகப் பார்த்தால், பிரேக் பிடிக்கவோ ஒதுங்கவோ அவருக்கு 33 மீட்டருக்கு மேல் கூடுதலாகக் கிடைக்கும்.

எப்படி வேலை செய்யுது?

கண்ணாடியில் சாய்வாக வெளிச்சம் பட்டால் அது வேறு பக்கம் தெறித்துப் போகும். ரிஃப்ளெக்டர் அப்படி இல்லை. அதன் உள்பக்கம் நுணுக்கமான முப்பட்டை வடிவங்கள் வரிசையாக இருக்கும். எந்த ஹெட்லைட்டில் இருந்து வெளிச்சம் வந்ததோ, அதே திசைக்கு அவை திருப்பி அனுப்பும். அதனால்தான் அந்த வண்டியின் டிரைவர் கண்ணுக்கு அது பளிச்சென்று தெரிகிறது.

இன்னொரு விஷயம். அந்த வடிவங்களுக்குப் பின்னால் காற்று இடைவெளி இருக்கணும். விரிசல் வழியாக உள்ளே தண்ணீரோ சேறோ புகுந்தால், வெளிச்சம் சரியாகத் திரும்பாது. வெளியே பார்க்க முழுசா இருந்தாலும், உள்ளே தண்ணீர் கோத்திருந்தால் அது பெயருக்குத்தான் ரிஃப்ளெக்டர்.

விதி என்ன சொல்லுது?

1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில், 104-வது விதி ரிஃப்ளெக்டர் பற்றியது. அதன்படி ஒவ்வொரு மோட்டார் சைக்கிளின் பின்பக்கமும் குறைந்தது ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்க வேண்டும்.

இதை மீறினால்? தனியாகத் தண்டனை குறிப்பிடப்படாத விதிமீறல்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-வது பிரிவு பொருந்தும். முதல் முறை 500 ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறை 1,500 ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம்.

அனுமதி இல்லாத வகையில் வண்டியை மாற்றி அமைப்பது இதைவிடப் பெரிய சிக்கல். அதற்கு 182ஏ பிரிவில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. மட்கார்டை கட் பண்ணும் முன் இதை யோசிங்க.

புதுசு வாங்கும்போது என்ன பார்க்கணும்?

* வண்டி மாடலைச் சொல்லி, கம்பெனி ஸ்பேர் பார்ட்டையே கேளுங்க. சில மாடல்களில் டெயில் லைட்டுக்கு உள்ளேயே ரிஃப்ளெக்டர் சேர்ந்து வரும். அப்படியானால் லென்ஸ் உடைந்தால் முழு யூனிட்டையும் மாத்தணும்.

* பின்பக்கத்துக்கு சிவப்பு மட்டும்தான். ஃபோர்க் பக்கவாட்டில் வருவது ஆரஞ்சு நிறம். இடம் மாத்திப் போடக்கூடாது.

* தரச் சான்று பெற்ற பல ரிஃப்ளெக்டர்களின் லென்ஸ் மேலேயே, வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் எண்ணும் அச்சாகி இருக்கும். எந்தக் குறியும் இல்லாத வெறும் சிவப்பு பிளாஸ்டிக் துண்டை வாங்கி ஏமாறாதீங்க.

* ஒளிரும் ஸ்டிக்கர் கூடுதலாக ஒட்டலாம். ஆனால் அது ரிஃப்ளெக்டருக்கு பதில் ஆகாது.

எப்படிப் பொருத்துவது?

நட்டு டைப் என்றால் ஒரு ஸ்பானர் போதும். பழைய நட்டு துருப்பிடித்திருந்தால் அதையும் வாஷரையும் மாத்திடுங்க. அளவுக்கு மீறி இறுக்கினால் பிளாஸ்டிக் விரிசல் விடும்.

ஒட்டும் டைப் என்றால், முதலில் அந்த இடத்தில் தூசி, எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து நன்றாகக் காய விடணும். பிறகு ஒட்டி, சற்று நேரம் அழுத்திப் பிடிங்க. சூப்பர் க்ளூ போடாதீங்க. அதன் ஆவி பட்டால் லென்ஸ் வெளுத்து மங்கிவிடும்.

எந்த டைப்பாக இருந்தாலும், நேராகப் பின்பக்கம் பார்த்தபடி இருக்கணும். வானத்தையோ தரையையோ பார்த்துச் சாய்ந்திருந்தால், பின்னால் வருபவருக்கு சரியாகத் தெரியாது. பேக், கயிறு, சீட் கவர் என எதுவும் மறைக்கவும் கூடாது.

வீட்டிலேயே டெஸ்ட் பண்ணலாம்

இருட்டிய பிறகு வண்டியை ஆஃப் செய்து, பின்னால் 15 அடி எடுத்து வைத்துத் தள்ளி நில்லுங்க. மொபைல் டார்ச்சை கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து வண்டி மேல் அடிங்க. சிவப்பு பளிச்சென்று தெரிந்தால் ஓகே. மங்கலாகத் தெரிந்தால் முதலில் சோப்புத் தண்ணீரில் துடைத்துப் பாருங்க. அப்பவும் மங்கல் என்றால், புதுசு மாத்த வேண்டிய நேரம் வந்தாச்சு!