சாலையும் சனங்களும் – 14: பாதி ரோட்டில் முழு ஊர்

திங்கட்கிழமை காலையில் புதுக்கோட்டைக்கு வருகிறவர்களில் பலர் கையில் ஒரு மனு இருக்கும். கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மணமேல்குடியிலிருந்து வருகிறார்கள், பொன்னமராவதியிலிருந்து வருகிறார்கள், விராலிமலையிலிருந்தும் கறம்பக்குடியிலிருந்தும் வருகிறார்கள். அதே நேரத்தில்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மன்னர் கல்லூரி மாணவர்களும் ரோட்டில் இருக்கிறார்கள். முள்ளூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிற நோயாளிகளும், கீழ ராஜ வீதியில் சரக்கு இறக்க வந்த வேன்களும் அவர்களோடு. இந்த நேரம் பார்த்து ரோட்டில் பாதியை வெட்டிப் போட்டால் என்ன ஆகும் என்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பாதாளச் சாக்கடைக்காகத் தெருத் தெருவாகத் தோண்டிய காலத்தைப் பார்த்த ஊர் இது.

சென்ற வாரம் ஜல்லி, தார், ஒப்பந்தம் பற்றிப் பார்த்தோம். வேலை நடக்கிற மாதங்களில் ஊர் எப்படி நடமாடுவது என்பது இந்த வாரம்.

இதற்கு நம்மிடம் இருப்பது ஒரே பதில்: பேரிகார்டு, சிவப்புக் கொடி, 'மாற்றுப்பாதையில் செல்லவும்' என்கிற பலகை. வேலை நடக்கும் இடத்தில் போக்குவரத்தை எப்படி நடத்துவது என்று இந்திய சாலைக் காங்கிரஸ் எஸ்.பி. 55 என்ற கையேட்டையே வெளியிட்டிருக்கிறது. எச்சரிக்கை எங்கே தொடங்க வேண்டும், வண்டிகளை எங்கே திருப்ப வேண்டும், தொழிலாளி நிற்கும் இடத்தை எப்படிக் காக்க வேண்டும் என்று அதில் விவரமாக இருக்கிறது. அதை அப்படியே கடைப்பிடித்தாலே பல உயிர்கள் தப்பும். ஆனால் பலகையும் பேரிகார்டும் வந்து சேர்ந்த வண்டியைத் திருப்பிவிடத்தான் உதவும். அந்த வண்டி அந்த நேரத்தில் வந்துதான் ஆக வேண்டுமா என்று நம் ஊர்களில் யாரும் கேட்பதில்லை.

கேட்டுப் பார்த்தவர்கள் உண்டு. சாலி கெய்ர்ன்ஸ், ஸ்டீபன் அட்கின்ஸ், பில் குட்வின் என்ற மூன்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 11 நாடுகளில், வாகனங்களுக்கான ரோட்டின் இடம் குறைந்துபோன எழுபதுக்கும் மேற்பட்ட நிகழ்வுகளைத் தொகுத்து 2002இல் எழுதினார்கள். பக்கத்துச் சாலைகளுக்கு மாறியதையும் கணக்கில் சேர்த்த பிறகும், அவற்றில் ஏறக்குறைய பாதி இடங்களில் 11 சதவீதத்துக்கு மேல் வாகனங்கள் குறைந்திருந்தன. ஜனங்கள் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள், இரண்டு வேலைகளை ஒரே பயணத்தில் முடித்தார்கள், பஸ் ஏறினார்கள், நடந்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் 2011 ஜூலையில் ஒரு பாலத்தை இடிப்பதற்காக 405 நெடுஞ்சாலையை ஒரு வார இறுதி முழுக்க மூடினார்கள். நகரமே ஸ்தம்பிக்கும் என்று பல வாரங்களாக எச்சரிக்கை செய்தார்கள். அந்த எச்சரிக்கையே வேலை செய்தது. ரோடுகள் காலியாகக் கிடந்தன. வேலையும் நேரத்துக்கு முன்பே முடிந்தது.

ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸ் கதையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. சனி, ஞாயிறில் வீட்டில் இருந்துவிடுவது கார் வைத்திருப்பவருக்குச் சுலபம். சித்தாள் வேலைக்குப் போகிறவர் வீட்டில் இருந்தால் அன்றைய கூலி போயிற்று. எனவே ரோடு சுருங்கும்போது யாருடைய பயணத்தைக் குறைப்பது என்பது ஒரு நியாயப் பிரச்சினை. புதுக்கோட்டையில் கார்களைவிட டூவீலர்கள் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் பாதி ரோட்டில், கடை வாசலில் நிறுத்திய ஒற்றைக் கார் ஒரு தெருவையே அடைத்துவிடும். சாலைக் காங்கிரஸின் 1990 நகரச் சாலை வழிகாட்டியில் ஒரு பஸ் ஏறக்குறைய இரண்டிலிருந்து நான்கு கார் வரை சமம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த பஸ்ஸில் ஐம்பது பேர் வருகிறார்கள். யாருக்கு முதலில் வழிவிட வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு கணக்கு வேண்டாம்.

பயணப் பழக்கத்தையே மாற்றுவது இங்கே நடக்காது என்று சொல்கிறவர்களுக்கு இந்த மாவட்டமே பதில் சொல்லியிருக்கிறது. 1991இல் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் தொடங்கியபோது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுத்தர வேண்டும் என்று முடிவானது. பஸ் எப்போதாவது வரும் கிராமங்களில், ஆம்பளைத் துணைக்குக் காத்திருந்த பெண்கள் மைதானங்களிலும் களத்துமேடுகளிலும் விழுந்து எழுந்து பழகினார்கள். வங்கிக் கடன் கிடைத்தது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையே வாங்கினார்கள். பாரில் பிள்ளையை உட்காரவைக்க அது வசதி என்று கண்டுகொண்டார்கள். கல்குவாரியில் ஜல்லி உடைத்த பெண்கள் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனதை பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். யுனிசெஃப் ஐம்பது மொபெட்டுகள் கொடுத்தது. சில மாதங்களில் நடந்த மாற்றம் இது. இதற்குப் பெரிய கட்டுமானம் எதுவும் தேவைப்படவில்லை. பயிற்சி, கடன், பிரச்சாரப் பாட்டு, கூடவே அரசு இயந்திரத்தின் மனசு இருந்தது.

அந்தப் பெண்களின் மகள்களும் பேத்திகளும் இன்று ஸ்கூட்டியில் போகிறார்கள். அது அவர்களின் உரிமை. ஆனால் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் விலையில்லா சைக்கிள் இன்னமும் ஓடுகிறது. தோண்டிய ரோட்டின் ஓரத்தில் அந்தச் சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் ஒன்றரை மீட்டர் கெட்டியான தடம் விட்டால் போதும். பள்ளம் மூடாத மண்மேட்டுக்கும் லாரிக்கும் நடுவில் பிள்ளைகளை விடுவதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியவில்லை.

பயணத்தையே குறைக்கவும் வழி இருக்கிறது. 2024 ஜனவரியிலிருந்து 'உங்களைத் தேடி உங்கள் ஊரில்' திட்டத்தில் மாதம் ஒருநாள் கலெக்டரே ஒரு தாலுகாவுக்குப் போய்த் தங்கி மனு வாங்குகிறார். நகருக்குள் பெரிய வேலை நடக்கிற மாதங்களில் திங்கட்கிழமைக் கூட்டத்தையும் முறைவைத்து அறந்தாங்கி, ஆலங்குடி, இலுப்பூர் என்று நடத்தினால் எத்தனை பேருக்குப் பஸ் செலவும் ஒருநாள் கூலியும் மிஞ்சும்! 2013இல் சிங்கப்பூர் காலை 7.45க்கு முன் நகர மையத்து நிலையங்களில் இறங்குகிறவர்களுக்கு ரயில் கட்டணத்தையே ரத்து செய்து, கூட்டத்தை முன்னால் நகர்த்திப் பார்த்தது. நமக்கு அவ்வளவு தேவையில்லை. பள்ளி, கல்லூரி, அலுவலகம் மூன்றுக்கும் இடையே அரைமணி நேர இடைவெளியும், சரக்கு வண்டிகளுக்கு இரவு நேரமும் போதும்.

நாட்காட்டியும் பார்க்க வேண்டும். ஜனவரித் தொடக்கத்தில் தச்சங்குறிச்சியில் ஜல்லிக்கட்டு தொடங்கிவிட்டால் மாவட்டம் முழுக்க வாடிவாசல்கள் திறந்துகொண்டே இருக்கும். மாசியில் திருவப்பூர், பங்குனியில் நார்த்தாமலை. பால்குடமும் காவடியும் ரோட்டிலேயே நடந்து வரும். ஐப்பசியில் மழை. இடையில் ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது, அடைமழையும் இல்லை. கடினமான பகுதியை மூடுவதற்கு ஆடியைவிட நல்ல மாதம் இந்த மாவட்டத்தில் இல்லை என்பது என் கருத்து.

திருச்சியில் 2022 செப்டம்பரில் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடியது பலருக்கு நினைவிருக்கும். முதலில் டூவீலர்களை மட்டும் விட்டார்கள். பிறகு அதையும் நிறுத்தினார்கள். மறுபடி திறந்தது 2023 மார்ச்சில். சின்ன வண்டிக்கு முதலிடம் என்ற தொடக்கம் சரியானது. ஆனால் பஸ்ஸும் காரைப் போலவே பைபாஸைச் சுற்ற வேண்டியிருந்தது. பஸ் சுற்றினால் முதலில் பாதிக்கப்படுவது பெண்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் அவர்களுக்குக் கட்டணமில்லை. அந்த பஸ் ஊர் எல்லையிலேயே திரும்பிவிட்டால் மீதி தூரத்துக்கு ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுக்க வேண்டும். ரோடு வேலையின் செலவில் ஒரு பங்கு அப்படி அவர்கள் சுருக்குப்பையிலிருந்து போகிறது. எந்த டெண்டரிலும் அந்தக் கணக்கு வராது.

நெடுஞ்சாலைத் துறையும் மாநகராட்சியும் அடுத்த வேலைக்கு டெண்டர் விடும்போது பேரிகார்டோடு மூன்று விஷயங்களைச் சேர்க்க வேண்டும். வேலை முடியும்வரை பஸ் போக ஒரு தடம். அந்தத் தெருக்களில் கார் நிறுத்தத் தடை. எந்த பஸ் எங்கே நிற்கும் என்பதை வேலை தொடங்குவதற்கு முன்பே கிராமங்களில் ஒலிபெருக்கியில் அறிவிப்பது. வாசகர்களே, உங்கள் தெருவில் ஜேசிபி வந்து நிற்பதற்கு முன் இந்த மூன்றையும் உங்கள் வார்டு கவுன்சிலரிடம் எழுத்தில் கேளுங்கள்.