ஈரத் தாளில் இறங்கிய சாசர்

கெல்ம்ஸ்காட் சாசர் என்ற நூலைப் புரட்டும் வாய்ப்பு ஏதாவதொரு நூலகத்தின் அரிய நூல் பிரிவில் கிடைத்தால், முதலில் படிக்காதீர்கள். பக்கத்தின் மேல் வெளிச்சம் சாய்வாக விழும்படி பாருங்கள். எழுத்துகள் தாளின் மேல் ஒட்டியிருக்கவில்லை, உள்ளே இறங்கியிருக்கின்றன. 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசரின் படைப்புகளை வில்லியம் மாரிஸ் தம்முடைய லண்டன் அச்சகமான கெல்ம்ஸ்காட்டில் 1896இல் அச்சிட்டு முடித்தார். நீராவிப் பொறிகள் நாளிதழ்களை அடித்துத் தள்ளிய காலம் அது. அவருடைய ஆட்களோ பக்கங்களைக் கைப்பொறியில் இழுத்து இழுத்து அச்சிட்டார்கள்.

எழுத்தின் பிறப்பே ஒரு வித்தை. மாரிஸ் வரைந்த எழுத்தை எட்வர்ட் பிரின்ஸ் எஃகுத் துண்டின் நுனியில் இடவலம் மாற்றிச் செதுக்குவார். சரியாக வந்திருக்கிறதா? மெழுகுவர்த்திச் சுடரில் காட்டிக் கரி பிடிக்கவிட்டுத் தாளில் ஒற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். பிறகு எஃகைக் கடினமாக்கிச் செம்பில் அடிப்பார்கள். அந்தக் குழிதான் தாயச்சு, அதாவது எழுத்தை வார்க்கும் அச்சு. வார்க்கும் உலோகத்திலும் சூட்சுமம் உண்டு. வெறும் ஈயம் ஆறும்போது சுருங்கும், அழுத்தினால் நசுங்கும். வெள்ளீயமும் ஆன்டிமனியும் சேர்த்தால் இரண்டு தொல்லையும் வெகுவாகக் குறையும்.

படங்கள் 87. ஓவியர் பர்ன்-ஜோன்ஸ் மென்மையான பென்சிலில் வரைந்தார். மரத்தில் வெட்ட அது உதவாது. கேட்டர்சன்-ஸ்மித் அவற்றை மைக்கோடுகளாக மாற்ற, அவை புகைப்பட முறையில் மரக்கட்டைக்கு ஏற்றப்பட்டன. கோடுகளை மட்டும் மேடாக நிற்கவிட்டு மரச்செதுக்குநர் ஹூப்பர் மற்றதைச் செதுக்கி எடுத்தார். கட்டையும் ஈய எழுத்தும் ஒரே உயரம், சுமார் 23 மில்லிமீட்டர். அதனால் ஒரே இழுப்பில் படமும் பாட்டும் சேர்ந்து விழும்.

என்னைக் கேட்டால் உண்மையான கதாநாயகன் தாள்தான். லினன் கந்தலை அரைத்துக் கையால் வார்த்த தாள் அது. அக்காலத்து மரக்கூழ்த் தாள் பலவும் அமிலத்தால் பழுத்து நொறுங்கிப்போக, நீண்ட நார்கள் கொண்ட இது இன்னும் திடமாக இருக்கிறது. ஆனால் உலர்ந்த நிலையில் அது முரட்டுத் தாள். அச்சுக்கு முன் நனைப்பார்கள்: புட்டுக்கு மாவு பிசிறுவதுபோல், ஈரம் உள்ளே பரவ வேண்டும், சொட்டக் கூடாது. நார்கள் இளகிய பிறகே எழுத்து உள்ளே இறங்கும். கொஞ்சம் மையே போதும். சிக்கல் என்னவென்றால் ஈரத்தாள் காயும்போது சுருங்கும். முன்பக்க வரிக்கு நேர் பின்னே பின்பக்க வரி அமைய வேண்டுமானால், ஈரம் போவதற்குள் மறுபக்கத்தையும் அடித்தாக வேண்டும்.

தாளில் 425 பிரதிகள், கன்றுத்தோலில் 13. ஒவ்வொன்றும் 556 பக்கம். பெருக்கினால் ஏறத்தாழ 2,43,500 பக்கங்கள். அச்சிட்டு முடிக்க 21 மாதங்கள். நடுவில் ஒரு திகில் வேறு: அச்சான தாள்களில் மையிலிருந்த எண்ணெய் மஞ்சள் கறையாகக் கசிந்தது. தீர்த்துவைத்தது வெயில், தாள்களை அதில் காயவைத்தார்கள், கறை வெளுத்தது.

1896 ஜூனில் முதல் பிரதி மாரிஸின் கைக்கு வந்தது. அக்டோபர் 3 அன்று அவர் இறந்தார். அச்சகம் மூடப்பட்டபோது மரக்கட்டைகள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போயின, நூறு ஆண்டுகளுக்கு அவற்றிலிருந்து அச்சிடக் கூடாது என்ற நிபந்தனையோடு.