அறுநூறு வேடங்கள் ஏற்ற நடிகர்

நாடகமாயினும் திரைப்படமாயினும் கதாநாயகனைப் பற்றி எழுதுவோர் பலர் உளர். கதவைத் திறந்துவிடும் வேலையாளாகவும், கடைக்காரராகவும், மருத்துவராகவும் இரண்டொரு காட்சிகளில் தோன்றி மறையும் குணச்சித்திர நடிகரைப் பற்றி எழுதப் புகுவோர் மிகச் சிலரே. அத்தகைய நடிகர் ஒருவரின் வரலாற்றை இத்திங்கள் நம் சங்க வாசகர்களுக்குச் சொல்ல விழைகிறோம். அவர் பெயர் ஜேம்ஸ் ஹாங். அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் திரையிலும் அவர் ஏற்ற வேடங்கள் 600க்கு மேற்பட்டவை. பெயரைக் கேட்டு 'யார் இவர்?' என்று வினவும் பெற்றோர், தம் வீட்டுக் குழந்தைகளைக் கேட்கலாம். 'குங் ஃபூ பாண்டா' என்னும் சித்திரப் படத்தில், நூடுல்ஸ் கடை நடத்திக்கொண்டு ஒரு பாண்டாக் கரடியைத் தன் மகனாக வளர்க்கிறதே ஒரு வாத்து, அதற்கு ஆங்கிலத்தில் குரல் கொடுத்தவர் இவரே.

ஹாங் 1929ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள், மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த மினியாபொலிஸ் நகரில் பிறந்தார். தந்தையார் ஹாங்காங்கிலிருந்து குடிபெயர்ந்து வந்து அந்நகரில் மூலிகைக் கடை வைத்தவர். அக்காலத்தில் சீனர் அமெரிக்காவில் வாழ்வது எளிதன்று. சீனத் தொழிலாளர் நாட்டினுள் வருவதைத் தடுக்க 1882இல் இயற்றப்பெற்ற சட்டம், பின்னர் மேலும் இறுக்கப்பெற்று 1943 வரை நடைமுறையில் இருந்தது. சீனாவில் பிறந்தவர் எத்தனை ஆண்டுகள் அங்கு உழைத்தாலும் குடியுரிமை பெற இயலாது. இந்நிலையில் வாழ்ந்த குடும்பங்கள் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி என்ன எண்ணியிருக்கும் என்பதை வேற்றூரில் வாழும் நமக்கு விளக்க வேண்டுவதில்லை. சிறுவன் ஹாங் ஏறத்தாழ ஐந்தாம் வயதில் ஹாங்காங்குக்கு அழைத்துச் செல்லப்பெற்று அங்கே தொடக்கக் கல்வி பயின்றான். பத்தாம் வயதில் மீண்டும் மினியாபொலிஸ் வந்து சேர்ந்தான். தாய்மொழி நாவில் நிலைத்தபின் ஆங்கிலப் பள்ளிக்குள் நுழைந்த பிள்ளை அவன்.

குடும்பத்தில் இத்தகைய பிள்ளைக்கு விதிக்கப்படும் படிப்பு எதுவோ, அதுவே ஹாங்குக்கும் வாய்த்தது. மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல் பயிலத் தொடங்கி, பிறகு லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துத் தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்திற்கு மாறினார். இடையே கொரியப் போர்க் காலத்தில் இராணுவப் பணி. அலபாமா மாநிலத்து முகாமில் வீரர்களுக்கான கலை நிகழ்ச்சிகளை நடத்தும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. பிறர் போல் பேசியும் நடந்தும் காட்டிச் சிரிக்க வைப்பதில் அவர் வல்லவர்.

அந்த வல்லமையே வாயிலைத் திறந்தது. 1954இல் க்ரூச்சோ மார்க்ஸ் என்னும் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர் நடத்திவந்த வினாவிடைத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு ஹாங் சென்றார். மார்க்ஸின் முன்னிலையிலேயே மார்க்ஸைப் போல் நடித்துக் காட்டினார்! நேயர்களிடமிருந்து கடிதங்கள் குவிந்தன. அதனைக் கண்ட முகவர் ஒருவர், இவருக்கு வேடங்கள் பெற்றுத்தர முன்வந்தார்.

படிப்பு முடிந்து லாஸ் ஏஞ்சலிஸ் வட்டார நிர்வாகத்தில் சாலைப் பொறியாளர் வேலையும் கிடைத்தது. ஆகவே பகலில் சாலை. விடுப்பு நாளில் படப்பிடிப்பு. ஈட்டிய விடுப்பையும் மருத்துவ விடுப்பையும் அவர் நடிப்பதற்கே செலவிட்டார். அலுவலகத்தில் ஊழியம் புரியும் நமக்கு இச்செய்தி சற்றுப் புன்முறுவலை வரவழைக்கின்றது. பொங்கல் விழா நாடகத்தின் ஒத்திகை நாளில் தவறாமல் தலைவலி வரப்பெறும் அன்பர்கள் நம் சங்கத்திலும் உண்டு, பெயர் சொல்லோம். ஹாங்கின் தலைவலி ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு நீடித்தது. பிறகு மாதச் சம்பளத்தை விட்டு முழுநேர நடிகரானார். நிலையான வேலையைத் துறந்து, அடுத்த வேடம் எப்போது வரும் என்றறியாத தொழிலில் ஒரு குடியேறியின் மகன் இறங்குவது சிறிய துணிவன்று.

1955இல் கிளார்க் கேபிள் நடித்த 'சோல்ஜர் ஆஃப் ஃபார்ச்சூன்', ஜான் வெய்ன் நடித்த 'பிளட் ஆலி' ஆகிய படங்களில் சிறு வேடங்கள் கிடைத்தன. மறு ஆண்டு, ஜப்பானியரின் 'காட்ஸில்லா' படம் அமெரிக்காவில் வெளியானபோது பல பாத்திரங்களுக்கு அவரே குரலை மாற்றி மாற்றிப் பேசினார். ஆயினும் பெரிய வேடங்களுக்குரிய கதவு மூடியே இருந்தது. அக்கதவின் தன்மையைச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும்.

சீனக் கதை என்றால் சீன நடிகர் வேண்டுமன்றோ? ஹாலிவுட் அவ்வாறு கருதவில்லை. சீன உழவர் வாழ்வைக் கூறும் 'தி குட் எர்த்' என்னும் 1937ஆம் ஆண்டுப் படத்தில் உழவனாக நடித்தவர் பால் மூனி. அவன் மனைவியாக நடித்தவர் லூயிஸ் ரெய்னர். இருவரும் ஐரோப்பாவில் பிறந்த வெள்ளையர். அவ்வம்மையாருக்கு ஆஸ்கர் விருதும் கிடைத்தது. சார்லி சான் என்ற சீனத் துப்பறிவாளர் கதை பல படங்களாக வெளிவந்தது. துப்பறிவாளர் வேடம் சுவீடன் நாட்டில் பிறந்தவருக்கு, அவருக்குப் பின் மற்றொரு வெள்ளையருக்கு. துப்பறிவாளரின் மகன் வேடம் மட்டும் உண்மையான சீன வமிசத்தவருக்கு விடப்பட்டது. தந்தை வெள்ளையர், மகன் சீனர் என்னும் இவ்விந்தையை எவரும் விந்தையாகக் கருதவில்லை.

1957இல் அக்கதை தொலைக்காட்சித் தொடராக வந்தபோது மகன் வேடம் ஹாங்குக்குக் கிடைத்தது. தந்தையாக நடித்தவர் ஐரிஷ் வமிசத்தைச் சேர்ந்த ஜே. கரோல் நேய்ஷ். ஒருநாள் படப்பிடிப்பில் ஹாங் தாம் பேசவேண்டிய தருணத்தைத் தவறவிட்டார். மூத்த நடிகர் சினந்து வைதார். ஹாங்கும் தொடரிலிருந்து நீக்கப்பட்டார். பிற்காலத்தில் அவரே பேட்டிகளில் இதனைக் கூறியிருக்கிறார். எழுபது ஆண்டுத் தொழிலில் ஒரு வசனம் தவறியதற்கு இத்துணை விலை!

இங்கே இந்தித் திரைப்படங்களைப் பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். 1968இல் வெளிவந்த 'படோசன்' படத்தில் தென்னாட்டு இசை ஆசிரியராகக் குடுமியோடு தோன்றியவர் மெஹ்மூத். அவர் நடிப்பைக் கண்டு நாமும் வயிறு குலுங்கச் சிரித்தோம் என்பது உண்மை. ஆனால் பள்ளியில் நம் பிள்ளையின் பேச்சை அவ்வாறே ஒருவன் பேசிக் காட்டும்போது சிரிப்பு வருவதில்லை. ஹாங் முதலியோர் கொண்ட மனக்குறை இவ்வகையினதே. அளவில் மட்டும் மிகப் பெரிது.

தொலைக்காட்சித் தொடரில் குணச்சித்திர நடிகரின் நிலையையும் அறிதல் நன்று. நாயகனும் அவனுடைய தோழர்களும் வாரந்தோறும் வருவர், ஒப்பந்தம் அவர்களுக்கே. ஒவ்வொரு வாரக் கதைக்கும் வேண்டிய குற்றவாளி, சாட்சி, வணிகர் முதலியோர் சில நாள் ஊதியத்திற்கு அமர்த்தப்பெறுவர், முடிந்ததும் விடைபெறுவர். 'பெர்ரி மேசன்', 'ஹவாயி ஃபைவ்-ஓ', 'டைனஸ்டி', 'எக்ஸ் ஃபைல்ஸ்' எனத் தலைமுறை தலைமுறையாக அமெரிக்கர் கண்ட தொடர்கள் பலவற்றில் ஹாங் இவ்வாறு வந்து போனார். 1972இல் தொடங்கிய 'குங் ஃபூ' தொடரில் வெவ்வேறு வாரங்களில் வெவ்வேறு மனிதராகவே வந்தார். அதிலும் பாதிச் சீனத் துறவியாகிய நாயகன் வேடம் டேவிட் காரடைன் என்ற வெள்ளையருக்குத்தான்!

சலவைக்காரர், சமையற்காரர், கொள்ளைக்காரர் ஆகிய வேடங்களையே ஏற்று அவர் தம் இனத்தைத் தாழ்த்தவில்லையா என்று கேட்போர் உண்டு. கேள்வி நேர்மையானதே. ஆனால் மறுத்திருந்தால் அவ்வேடம் மறைந்திராது. கண்களை இழுத்து ஒட்டிக்கொண்ட வேறொருவர் அதனை ஏற்றிருப்பார். சலவைக்காரரையும் ஒரு மனிதராக நடித்துக் காட்ட வேண்டும் என்பது ஹாங்கின் போக்கு. நம் கருத்தும் அவர் பக்கமே. உலை கொதிக்க வேண்டிய வீட்டில் இருப்பவனுக்கு, வருகிற வேடத்தை வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஏட்டளவில்தான் இருக்கிறது.

அவர் வெறுமனே பொறுத்துக்கொண்டிருந்தார் என்றும் எண்ணவேண்டா. 1965இல் மாக்கோ, பியூலா குவோ, சூன்-டெக் ஓ முதலிய நடிகர்களோடு கூடி லாஸ் ஏஞ்சலிஸில் 'ஈஸ்ட் வெஸ்ட் பிளேயர்ஸ்' என்னும் நாடகக் குழுவை நிறுவினார். சீனர், ஜப்பானியர், கொரியர் எனப் பல வமிசத்து அமெரிக்கர் அதில் ஒன்று கூடினர். அகுதாகவாவின் கதைகளை அடிப்படையாகக் கொண்ட 'ராஷோமொன்' நாடகத்தை முதலில் அரங்கேற்றினர். தொடக்க காலத்தில் மாதா கோயில் ஒன்றின் நிலவறையே அவர்களுடைய அரங்கம். திரையில் தேநீர்த் தட்டு ஏந்துபவர் இங்கே அரசனாகலாம், கவிஞனாகலாம், காதலனும் ஆகலாம். அக்குழு அதன்பின் பல நூறு நடிகர்களுக்குப் பயிற்சிக் களமாயிற்று. 1998இல் அந்நகரத்து 'லிட்டில் டோக்கியோ' பகுதியில் தனி அரங்கத்திற்குக் குடிபோனது. வேற்றூரில் சங்கம் அமைத்து, திரைச்சீலைக்குக் காசு திரட்டி நாடகம் போட்டு அறிந்தவர்களுக்கு அந்நிலவறையின் அருமை தெரியும்.

திரைப்படங்களைச் சுருக்கமாகச் சொல்வோம். 'சைனாடவுன்' (1974) படத்தில் பணியாளர். 'பிளேட் ரன்னர்' (1982) படத்தில், பனி உறைந்த அறையில் செயற்கைக் கண்கள் செய்யும் கைவினைஞர். 'பிக் டிரபிள் இன் லிட்டில் சைனா' (1986) படத்தில் பன்னூறு ஆண்டு வாழும் மாயாவி. இப்படம் வெளிவந்தபோது தோல்வியுற்று, பின்னாளில் இளைஞர் கூட்டம் கொண்டாடும் படமாயிற்று.

தொலைக்காட்சியில் அவருடைய நடிப்பின் நுட்பத்தை அறிய ஒரே ஒரு நிகழ்ச்சி போதும். 1991 மே 23ஆம் நாள் ஒளிபரப்பான 'சைன்ஃபெல்ட்' தொடரின் 'தி சைனீஸ் ரெஸ்டாரன்ட்' என்னும் பகுதி அது. மூன்று நண்பர்கள் ஒரு சீன உணவகத்திற்கு வருகிறார்கள். இருக்கை இல்லை. காத்திருக்கிறார்கள். கதை அவ்வளவே! கதையே இல்லையே என்று ஒளிபரப்பு நிறுவனத்தார் முதலில் முகம் சுளித்தனர். உணவகத்தில் விருந்தினரை வரவேற்று இடம் ஒதுக்குபவர் ஹாங். எத்தனை முறை கேட்டாலும், 'ஐந்து நிமிடம், பத்து நிமிடம்' என்று அதே குரலில், அதே முகத்தோடு சொல்கிறார். சினம் இல்லை, ஏளனமும் இல்லை. பசித்தவர் கெஞ்சுகிறார்கள், பணம் நீட்டுகிறார்கள். அம்மேசையின் பின்னே நிற்பவர் மட்டும் அசைவதில்லை. நண்பர்களுள் ஒருவருக்குத் தொலைபேசி வந்தபோது, பெயரைத் தவறாகக் கேட்டு 'கார்ட்ரைட்' என்று கூவி அழைக்கிறார். உரியவர் அருகிலேயே நின்றும் அறியாது போகிறார். இறுதியில் மூவரும் வெறுத்து வெளியேறிய சில நொடிகளில், அவர்கள் பெயரை அழைக்கிறார். முன்பதிவு வரிசையின் இப்புறமும் அப்புறமும் நின்று பழகிய நமக்கு, அந்த அசையா முகத்தின் உண்மை நன்கு விளங்குகின்றது. சில நிமிடங்களே தோன்றியும் அப்பகுதி முழுவதும் அவருடையதாகிவிட்டது.

புகழ் வந்தது முதுமையில். 2008இல் 'குங் ஃபூ பாண்டா'. 2020இல் கொரிய வமிசத்து நடிகர் டேனியல் டே கிம், ஹாலிவுட் நடைபாதையில் பதிக்கப்பெறும் நட்சத்திரக் கல்லில் ஹாங்கின் பெயர் இல்லையே என்று வருந்திப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். சில நாட்களிலேயே வேண்டிய தொகை சேர்ந்தது. 2022 மே மாதம், 93ஆம் வயதில், அக்கல் பதிக்கப்பெற்றது. அவ்வாண்டே 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' என்னும் படமும் வெளியாயிற்று. அது மறு ஆண்டு ஏழு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. 2023 பிப்ரவரியில் நடிகர் சங்கத்தார் அப்படத்தின் நடிகர் குழு முழுமைக்கும் விருது வழங்கினர். தம் 94ஆம் பிறந்தநாள் கழிந்த சில நாட்களில், ஹாங் அம்மேடையில் பேசினார். ஆசிய முகங்களுக்கு வசூல் வராது என்று தயாரிப்பாளர் கூறிய காலத்தையும், கண்களை ஒட்டிக்கொண்டு நடித்தவர்களையும் நினைவூட்டிவிட்டு, இன்று எங்களைப் பாருங்கள் என்று சிரித்தார். அரங்கம் எழுந்து நின்றது.

அப்படத்தில் அவர் ஏற்ற வேடம், அமெரிக்காவில் சலவைக் கடை நடத்தும் மகளிடம் வந்திருக்கும் முதிய தந்தை. மகள் தந்தையிடம் கான்டனீஸ் பேசுகிறாள். கணவனிடம் மாண்டரின் பேசுகிறாள். தன் பெண்ணிடம் பாதிக்குமேல் ஆங்கிலம். பேத்தி தன் மனத்திற்கு உகந்த துணையைத் தாத்தாவிடம் அறிமுகப்படுத்த வருகிறாள். தாத்தாவின் மொழியில் சரியான சொல் அவளுக்கு அகப்படவில்லை. அவள் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே தாய் இடையில் புகுந்து, 'இவள் தோழி' என்று சொல்லி முடித்துவிடுகிறாள். சக்கர நாற்காலியில் அமர்ந்த கிழவர் ஒன்றும் அறியாதவராய்த் தலையசைக்கிறார். ஐந்து வயதில் ஹாங்காங் சென்ற சிறுவன் கற்ற அதே மொழியில்தான், ஹாங் அக்காட்சியில் பேசுகிறார்.