உங்களுக்குத் தெரியுமா? தொட்டிக்குள் ஒரு மந்தை

கொள்ளிவாய்ப் பிசாசு. சதுப்புப் பக்கம் ராத்திரியில் தீ தெரிந்தால் கொள்ளிவாய்ப் பிசாசு என்று பிள்ளைகளைப் பயமுறுத்துவார்கள். 1776 நவம்பரில் இத்தாலியின் மஜோரே ஏரிக்கரையில் ஒருவர் கோலால் சேற்றைக் கிளறி, மேலே வந்த குமிழிகளைப் புட்டியில் பிடித்துத் தீ வைத்துப் பார்த்தார். நீலமாக எரிந்தது. அவர் பெயர் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்டா. பிற்பாடு மின்கலத்தைக் கண்டுபிடித்தாரே, அவரேதான். அன்று அவர் பிடித்தது மீத்தேன்.

காற்றுப் பட்டால் ஆகாது. மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிரிகளை நாம் பாக்டீரியா என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அவை பாக்டீரியா அல்ல, ஆர்க்கியா என்ற தனிக் குலம். 1977இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும்தான் அதைப் பிரித்துக் காட்டினார்கள். நமக்கு உயிர்மூச்சான ஆக்சிஜன் அவற்றுக்கு விஷம். சாண எரிவாயுக் கலனைக் காற்றுப் புகாமல் மூடி வைப்பதற்குக் காரணம், வாயு வெளியே போய்விடக் கூடாது என்பது மட்டுமல்ல. காற்று உள்ளே வந்துவிடக் கூடாது என்பதும்தான்.

மாட்டு வயிறே முதல் கலன். பசுவின் முதல் இரைப்பைக்குள்ளும் இதே கூட்டம்தான் குடியிருக்கிறது. வளர்ந்த மாடு ஒன்று நாளொன்றுக்கு 250 முதல் 500 லிட்டர் வரை மீத்தேனை வெளியே விடுகிறது. அதில் பெரும்பகுதி பின்பக்கமாக அல்ல, ஏப்பமாக வாய் வழியே போகிறது. புதுக் கலனுக்கு முதலில் சாணக் கரைசலை ஊற்றுவது இதனால்தான். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி.

பெரியம்மாவின் அளவுகோல். எங்கள் பெரியம்மா வீட்டுத் தொழுவத்தை ஒட்டி ஒரு கோபர் காஸ் கலன் இருந்தது. தரைக்குள் கிணறு மாதிரி தொட்டி, அதன்மேல் கவிழ்த்து வைத்த இரும்பு டிரம். விடிந்ததும் சாணத்துக்குச் சமமாகத் தண்ணீர் விட்டு, கையாலேயே கரைத்து, வைக்கோலையும் கல்லையும் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் உள்ளே தள்ளுவார். வாயு சேரச் சேர டிரம் மேலே எழும்பும். அது எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உலை வைப்பார். மார்கழியில் பாதிதான் எழும்பும். குளிரில் நுண்ணுயிரிகள் சுணங்கிவிடும். அவற்றுக்கு 35 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடு இருந்தால்தான் சுறுசுறுப்பு. பெரியம்மாவுக்கு அந்தக் கணக்கு தெரியாது. ஆனால் குளிர்காலத்தில் வெந்நீர் கலந்து கரைக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

இந்த மிதக்கும் டிரம் வகைக்குப் பின்னால் இருந்தவர் ஜஷ்பாய் படேல். 1951 வாக்கில் அவர் ‘கிராமலட்சுமி’ என்ற கலனை வடிவமைத்தார். அறுபதுகளில் காதி கிராமத் தொழில் ஆணையம் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது. அதற்கும் முன்பே, 1897இல், பம்பாய் மாதுங்காவில் தொழுநோயாளர் இல்லம் ஒன்றில் மனிதக் கழிவின் வாயுவால் விளக்கு எரிந்திருக்கிறது.

25 கிலோ சாணம். ஒரு கன மீட்டர் வாயுவுக்கு ஏறக்குறைய இவ்வளவு சாணம் வேண்டும். அந்த வாயு, அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான சமையல் எரிவாயுவுக்குச் சமம். ஒரு 14.2 கிலோ சிலிண்டருக்கு ஈடாக முப்பது கன மீட்டருக்கு மேல் சேர்க்க வேண்டும்.

சாணத்தைவிடப் பழைய சோறு மேல். யோசித்தால் புரியும். சாணம் என்பது மாடு சத்தை எடுத்துக்கொண்டபின் விட்ட மிச்சம். சாதம், காய்கறித் தோல், கெட்டுப்போன பழம் எல்லாம் யாரும் தொடாத முழுச் சாப்பாடு. கிலோவுக்குக் கிலோ அவை பல மடங்கு வாயு தரும். கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் ‘சக்தி சுரபி’ கலன் சமையலறைக் கழிவை நம்பி வந்ததுதான்.

மாவு புளிப்பது போல கலனும் புளிக்கும். தொட்டிக்குள் நடப்பது ஒருவர் வேலையல்ல. முதல் கூட்டம் மாவுச்சத்தையும் கொழுப்பையும் உடைக்கும். அடுத்தது அமிலமாக்கும். மூன்றாவது, அதை வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றும். கடைசியில்தான் ஆர்க்கியா வந்து மீத்தேன் ஆக்கும். அமிலம் செய்கிறவர்களுக்கு வேகம் அதிகம், தின்று தீர்ப்பவர்களுக்கு நிதானம். கல்யாண வீட்டு மிச்சம் முழுவதையும் ஒரே நாளில் கொட்டினால் அமிலம் தேங்கி, கலன் புளித்து, வாயு நின்றுவிடும். சில நாள் பட்டினி போட்டு, கொஞ்சம் சாணக் கரைசல் விட்டால் மீண்டு வரும். ஃபினாயிலும் சோப்புத் தண்ணீரும் போனாலோ கூட்டம் செத்தே போகும். ‘பழுதாகிவிட்டது’ என்று கைவிடப்பட்ட கலன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அவற்றில் எத்தனையோ பழுதானவை அல்ல. வேளைக்குத் தீனி கிடைக்காமலோ, திணறத் திணறத் தின்றோ படுத்துவிட்டவை. மாடு வளர்க்கிறவர்கள் மாட்டுக்குக் காட்டும் கவனத்தில் கால்வாசி போதும்.

சேலத்து ஜவ்வரிசி. மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவு எடுத்தபின் வெளியேறும் தண்ணீர், திறந்த குட்டையில் நின்றால் ஊரே மூக்கைப் பொத்தும். அதே தண்ணீரை மூடிய குட்டையில் விட்டு வாயு பிடித்து, ஆலைக்கே எரிபொருளாக்கிக் கொள்ளும் ஜவ்வரிசி ஆலைகள் சேலம் வட்டாரத்தில் உண்டு.

ருவாண்டா சிறைகள். கைதிகளின் கழிவிலிருந்தே அவர்களுக்குச் சோறு பொங்கும் வாயுவை எடுத்து, விறகுச் செலவைப் பாதி அளவுக்குக் குறைத்தார்கள். கலன்களை அமைத்த கிகாலி தொழில்நுட்பக் கழகத்துக்கு 2005இல் ஆஷ்டன் விருது கிடைத்தது.

இந்தூரின் ரகசியம் வாசலில். 2022 பிப்ரவரியில் அங்கே திறந்த ஆலை, நாளொன்றுக்கு 550 டன் ஈரக் குப்பையைத் தின்று, சுமார் 17 டன் வாயு எரிபொருள் தரும் அளவுக்குக் கட்டப்பட்டது. நகரப் பேருந்துகள் அதில் ஓடுகின்றன. இயந்திரத்தைக் காசு கொடுத்து எந்த ஊரும் வாங்கிவிடலாம். இந்தூரில் வீட்டு வாசலிலேயே மக்கும் குப்பை வேறு, மக்காத குப்பை வேறு என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். குப்பையோடு கலந்து வரும் பிளாஸ்டிக் பையைத் தொட்டியின் நுண்ணுயிரிகள் தின்பதில்லை.

போருக்குப் போன பாக்டீரியா. முதல் உலகப் போரில் பிரிட்டனின் வெடிமருந்துக்கு அசிட்டோன் தட்டுப்பாடு. மான்செஸ்டரில் இருந்த வேதியியலாளர் கைம் வைஸ்மன், மாவுச்சத்தைத் தின்று அசிட்டோனும் பியூட்டனாலும் தரும் ஒரு பாக்டீரியாவைப் பிடித்தார். மக்காச்சோளத்துக்கும் தட்டுப்பாடு வந்தபோது, 1917இல், பள்ளிப் பிள்ளைகளை விட்டு மரத்தடியில் விழும் ஹார்ஸ் செஸ்ட்நட் கொட்டைகளைப் பொறுக்கச் சொன்னார்கள். கொட்டைகள் சரிப்படவில்லை. அன்று உபரியாக வந்த பியூட்டனாலைத்தான் இன்று பெட்ரோலுக்கு மாற்றாக ஆராய்கிறார்கள். வைஸ்மன் 1949இல் இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவரானார்.

ஈஸ்ட் தானே குடித்துச் சாகும். சர்க்கரையை எத்தனாலாக்கும் ஈஸ்ட், கரைசலில் ஆல்கஹால் 15 சதவீதத்தை நெருங்கும்போது அதிலேயே மடியத் தொடங்கும். அதனால்தான் வண்டிக்கு ஊற்றும் எத்தனாலைக் காய்ச்சி வடித்தே ஆகவேண்டும். 1975இலேயே கரும்பு எத்தனாலுக்குத் தேசியத் திட்டம் போட்ட நாடு பிரேசில்.

வாலில் மின்சாரம். 1911இல் டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் எம்.சி. பாட்டர், ஈஸ்ட் கரைசலில் மின்முனைகளை வைத்துச் சிறு மின்னோட்டம் எடுத்துக் காட்டினார். 1987இல் அமெரிக்காவின் போட்டோமேக் ஆற்றுச் சேற்றில் டெரெக் லவ்லி குழு ஜியோபேக்டர் என்ற நுண்ணுயிரியைக் கண்டெடுத்தது. மயிரிழைபோல் நீளும் தன் இழைகளின் வழியே உலோகத்துக்கு எலெக்ட்ரானைக் கடத்தும் குடும்பம் அது. அதே ஆற்றின் அடிச்சேற்றில் மின்முனைகளைப் புதைத்து, நுண்ணுயிரிகள் தந்த மின்சாரத்தைக் கொண்டே ஒரு வானிலை மிதவையை இயக்கியிருக்கிறார்கள். காற்றின் வெப்பத்தையும் நீரின் வெப்பத்தையும் அளந்து, அந்த மிதவை கரைக்கு ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தது.