போடி ரயிலும் ஒரு 17 இலக்க எண்ணும்

போடியிலிருந்து சென்னைக்கு வர்ற ரயிலோட நம்பர் 20602. திருப்பிப் படிச்சாலும் அதே 20602. பாதியாக்கினா 10301, அதுவும் அப்படித்தான், கூடவே பகா எண். நான் சிலமலைக்காரன், இதைப் பெருமையா சொல்லாம விட முடியுமா?

ஒரு வகை எண்களுக்கு ரயில்வே ஸ்டேஷன் பேரையே வெச்ச ஒருத்தர் இருக்கார். நாசிக் பக்கம் தேவ்லாலியில பள்ளிக்கூட வாத்தியாரா இருந்த கப்ரேகர். பம்பாய்க்குப் பக்கத்துல டெம்லோ ஸ்டேஷன்ல, அதாவது இன்னைக்கு டோம்பிவிலியில, யோசனை வந்ததால அதுக்கு 'டெம்லோ எண்கள்'னு பேர் வெச்சார். 1975ல மார்ட்டின் கார்ட்னர் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்'ல எழுதின பிறகுதான் அவர் பேர் உலகம் பூரா பரவுச்சு.

டெம்லோ எண்கள்ல எனக்குப் பிடிச்சது இது: 12345678987654321.

இது 111111111-ஓட வர்க்கம். ஸ்கூல்ல பெருக்கின மாதிரியே தாள்ல எழுதிப் பாருங்க. ஒன்பது வரிசை, ஒவ்வொண்ணும் ஒரு இடம் தள்ளித் தள்ளி வரும். ஓரத்துல ஒரே ஒரு 1, அடுத்த பத்தியில ரெண்டு, நடுவுல ஒன்பது, அப்புறம் அதே மாதிரி இறக்கம். மொத்தம் 17 இலக்கம். போடிமெட்டுக்கு ஏறுற கொண்டை ஊசி வளைவுகளும் 17. தற்செயல்தான், தத்துவம் தேடாதீங்க!

இலக்கங்களைக் கூட்டினா 81. ஏன்? ஒன்பது வரிசையில ஒன்பது ஒன்பது ஒண்ணு. எந்தப் பத்தியும் 9-ஐத் தாண்டலை, அதனால ஒண்ணு கூட பக்கத்து இடத்துக்குப் போகலை.

சரி, பத்து ஒண்ணு போட்டா? நடுப்பத்தியில 10 வந்துடும், அதுல ஒண்ணு இடப்பக்கம் ஏறிடும். விடை 1234567900987654321. சமச்சீர் காலி. தப்பு எண் மேல இல்ல, நாம பத்து பத்தா எண்ணுறதுதான் காரணம். பதினாறை அடிமானமா வெச்சு எழுதினா 15 ஒண்ணு வரைக்கும் இந்த அழகு தாங்கும்.

இப்போ நம்ம தொழிலுக்கு வருவோம். பிரவுசர் கன்சோலைத் திறந்து 12345678987654321-னு அடிங்க. திரும்பி வர்றது 12345678987654320! ஜாவாஸ்கிரிப்ட் 9007199254740991 வரைக்கும்தான் முழு எண்களைப் பிசகாம வெச்சிருக்கும். அதுக்கு மேல, இந்த அளவுல, ரெட்டைப்படைக்குத்தான் இடம். எரர் எதுவும் வராது, சத்தமில்லாம கடைசி இலக்கம் மாறிடும். அதே இடத்துல ஒரு கஸ்டமர் ஐடி இருந்தா வேற ஒருத்தரோட கணக்கு திறக்கும். ட்விட்டர் தன்னோட ஐடிகளை எண்ணாவும் எழுத்துச்சரமாவும் சேர்த்தே அனுப்பினது இதனாலதான். நீங்களும் பெரிய ஐடியை மேற்கோள் குறிக்குள்ள போட்டே அனுப்புங்க. கணக்குப் போடணும்னா பிக்இன்ட் இருக்கு.