தேதித்தாளின் பின்பக்கத்தில் எங்கள் வீட்டுக் கோடை

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. காலை எட்டே முக்காலுக்குப் பெரியவளும் நடுவிலானும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதும், வீடு கல்யாணம் முடிந்த மண்டபம் மாதிரி ஆகிவிட்டது. கடைக்குட்டி தூளியில் தூங்குகிறாள். ஒரு டம்ளர் காப்பியோடு உட்கார்ந்து உங்களோடு பேச இன்றைக்குத்தான் வேளை வந்தது.

எங்கள் ஊர் விருதுநகர். இவருக்குப் பருப்பு மில்லில் கணக்கு வேலை. எனக்கும் ஒரு கணக்கு உண்டு. சிவகாசி பக்கத்தில் இருப்பதால் எங்கள் ஊரில் தினசரி காலண்டர் தொங்காத வீடு கிடையாது. ஆடிப்பெருக்கு அன்று சிவகாசி அச்சகங்களில் பூஜை போட்டு, அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளை வெளியிடுவார்கள். அப்படி வருகிற காலண்டரில் தினமும் கிழிக்கிற தாளைக் குப்பையில் போட எனக்கு மனசு வராது. பால் கணக்கு, சலவைக் கணக்கு எல்லாம் அதன் பின்பக்கத்தில்தான். கோடை விடுமுறையில் மட்டும், அன்றன்று வீட்டில் நடந்ததை ஒரு வரி எழுதி, கம்பியில் குத்தி வைப்பேன். நேற்று ராத்திரி அந்தக் கம்பியை எடுத்துப் பார்த்தேன். அறுபது தாளுக்கு மேல் இருந்தது. சிரிப்பு வந்தது, நடுவில் ஒரு தாளைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. அதையும் சொல்கிறேன்.

அத்தைக்குக் கண் கிடைத்தது

முதல் தாள் பங்குனிப் பொங்கல். எங்கள் பராசக்தி மாரியம்மன் கோவில் பொங்கல் என்றால் தீச்சட்டி, பொருட்காட்சி, ராட்டினம் என்று ஊரே விழித்திருக்கும். பிள்ளைகளுக்கோ அதே சமயத்தில் பரீட்சை! "சரித்திரப் புத்தகத்தை ராட்டினத்துல வச்சுப் படிக்கட்டுமாம்மா?" என்று கேட்டான் நடுவிலான்.

திருவிழாவில் அத்தை, அதாவது என் மாமியார், அம்மனை நேராகப் பார்த்தபடி, "சாமி எங்கடி நிக்குது?" என்று கேட்டார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அரிசியில் கல் பொறுக்க மறுத்ததும், தோசையைக் கருக விட்டதும் கண் மங்கிப்போனதால்தான். நான் சலிப்பு என்று நினைத்திருந்தேன்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-இல் பதினோரு படுக்கைகளோடு தொடங்கியது அது. கண்புரை அறுவை முடிந்து, சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியுமாக வீடு திரும்பினார்கள். கண்ணைக் கசக்கக்கூடாது, தலைக்குக் குளிக்கிறதை டாக்டர் சொல்லும்வரை தள்ளிப்போட வேண்டும், அடுப்புப் புகையில் நிற்கக்கூடாது. இந்த மூன்றையும் பெரியவள் சுவரில் எழுதி ஒட்டிவிட்டாள்.

இன்னொரு தாள் சொல்கிறது: "இன்று பாப்பா தானாக நாலு எட்டு வைத்தாள். நான் மாவாட்டிக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை. அத்தைதான் பார்த்தார்கள்." அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. இப்போது படிக்கும்போது, புதுக் கண்ணுக்கு அதுவே முதல் காட்சியாக அமைந்ததில் சந்தோஷமாக இருக்கிறது.

மதினி வீட்டுக்கு

மே முதல் வாரம் இவருடைய அக்கா வீட்டுக்குப் புறப்பட்டோம். மதினிக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். போகிற வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி ஆண்டாளைச் சேவித்தோம். பதினோரு நிலை, 192 அடிக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்த நடுவிலான், "இதுதானே நம்ம கவர்மெண்டு முத்திரையில இருக்கு?" என்றான். படிப்பு கொஞ்சம் தலையில் ஏறியிருக்கிறது! பால்கோவா பொட்டலம் சிவகாசி வருவதற்குள் காலி.

வைப்பாற்றங்கரையில், 2022 முதல் தொல்லியல் துறையினர் மூன்று கட்டமாகத் தோண்டிய மேட்டையும் காட்டினோம். அங்கே சங்கு வளையல்கள் ஏராளமாகக் கிடைத்தன என்று சொன்னதும், பெரியவள் தன் பிளாஸ்டிக் வளையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "அப்பவும் பொம்பளைங்க வளையலுக்குச் சண்டை போட்டிருப்பாங்க" என்று இவர் சொல்ல, நான் முறைத்தேன்.

நமக்குத்தான் கோடை என்றால் விடுமுறை. மதினி வீட்டில் அதுதான் வேலைக்காலம். மதினி பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறார்கள். தீபாவளிச் சரக்கு காய வேண்டுமே, வெயில் வேண்டாமா? மழை குறைந்த, காய்ந்த பூமி என்பதால்தான் இந்தத் தொழிலே இங்கே வேர் பிடித்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டியிலிருந்து பட்டாசு, பட்டாசு லேபிளிலிருந்து அச்சகம் என்று சிவகாசி வளர்ந்தது.

ஆனால் காய வைக்கிற வெயிலேதான் எமனும். சூடு ஏற ஏற மருந்து உராய்வைத் தாங்காது. அதனால் கோடையில் விடியற்காலையிலேயே வேலையைத் தொடங்கி, உச்சி வெயிலுக்கு முன் மருந்து வேலையை முடித்துவிடப் பார்ப்பார்கள். 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் 35 பேருக்கு மேல் மாண்டதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. மதினி காலையில் கிளம்பும்போது வாசலில் நின்று ஒருமுறை திரும்பி வீட்டைப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

மதினி எட்டு வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டை அடுக்கப் போனவர்கள். விடியுமுன் பஸ் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும் காலம் அது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. 2016-இல் அதை இன்னும் இறுக்கி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைப்பதையும், 18 வயது ஆகாதவர்களை ஆபத்தான தொழிலில் சேர்ப்பதையும் தடுத்தார்கள். மதினி வேலைக்குப் போனபோது நாலாம் வகுப்பு. அவர்களுடைய மகளுக்கோ இந்தக் கோடையில் பிளஸ் டூ முடிவு!

ரிசல்ட் அன்று நாங்கள் அங்கேதான் இருந்தோம். 2017, 2018 இரண்டு வருஷமும் பிளஸ் டூ தேர்ச்சியில் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்த மாவட்டம் எங்களுடையது. அதனால் 'பாஸா?' என்று இங்கே யாரும் கேட்பதில்லை, 'எவ்வளவு?' என்றுதான் கேட்பார்கள். செல்போனில் மார்க் வந்ததும் அவள் அழுதாள். நல்ல மார்க்குதான். மதினி வேலையிலிருந்து வந்து, கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவி, உடை மாற்றிய பிறகுதான் மகளைக் கட்டிக்கொண்டார்கள். அன்றைய தாளில் எழுதியிருக்கிறேன்: "எங்கள் குடும்பத்தில் முதல் காலேஜ் பெண். நர்ஸ் படிப்பாம்."

வயிற்றைக் கலக்கிய தாள்

மறுநாள். மதினி வேலைக்குப் போயிருந்தார்கள். நான் அடுப்படியில். பிள்ளைகள் வேப்ப மரத்தடியில் விளையாடுகிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

கோவில் திருவிழாவில் வெடிக்காமல் போன வெடிகளை நடுவிலான் பொறுக்கி ஒளித்து வைத்திருக்கிறான். தாளைப் பிரித்து மருந்தைக் குவித்து, தீக்குச்சியைக் கிழித்து வைத்திருக்கிறான். 'புஸ்' என்று ஒரே எழும்பு. வலது உள்ளங்கையும் மூன்று விரலும் வெந்துபோயின. கத்தவில்லை. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு மாட்டுத் தொழுவத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டான். அரை மணி நேரம்!

சாப்பிடக் கூப்பிட்டபோது வந்து உட்கார்ந்து, தட்டில் இடது கையை வைத்தான். மதினி மகள்தான் கவனித்தாள். "எங்கடா வலது கை?" என்று பிடித்து இழுத்தாள்.

பார்த்ததும் எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அத்தை ஒரு பக்கம், "தோசை மாவு எடுத்துட்டு வா, இங்க் இருக்கா பாரு" என்று பதறுகிறார்கள்.

அந்தப் பெண் நடுவில் வந்து நின்றாள். "அத்தை, அடிக்கிறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு. முதல்ல தண்ணி."

கோடையில் அந்த ஊரில் தண்ணீர் எவ்வளவு அருமை என்று உங்களுக்குத் தெரியாது. குழாயில் வருவதே எப்போதோ. குடம் குடமாகப் பிடித்து வைத்திருந்ததில் மூன்று குடத்தை, சொம்பால் மொண்டு மொண்டு, அவன் கைமேல் மெல்ல ஊற்றிக்கொண்டே இருந்தாள். கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிஷம். வெள்ளிக் காப்பை வீங்குவதற்கு முன்னே கழற்றினாள். துவைத்த வெள்ளை வேட்டித் துணியைத் தளர்வாகச் சுற்றினாள். "ஆலையில அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தது. எனக்கு அம்மா சொல்லிக் கொடுத்தது" என்றாள்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, "தண்ணி ஊத்தினது நல்ல காரியம். ஆனா எரிஞ்சு அரை மணி நேரம் என்ன பண்ணீங்க?" என்று கேட்டார். நான் பேசவில்லை. அவன்தான் மெல்லச் சொன்னான்: "அம்மா அடிப்பாங்கன்னு ஒளிஞ்சிட்டேன்."

சகோதரிகளே, அந்த வார்த்தை அவன் கைக்காயத்தைவிட எனக்கு அதிகமாக எரிந்தது. கண்டிப்பான அம்மா என்று எனக்குப் பெருமை உண்டு. நெருப்பைத் தொடாதே என்று அடித்து அடித்துச் சொன்னேன். அவன் மனசில் பதிந்தது நெருப்புப் பயம் அல்ல, என் பயம்.

நினைவில் வைக்க

டாக்டரும் நர்ஸும் சொன்னதை அன்றைய தாளிலேயே எழுதிக்கொண்டேன். நீங்களும் அடுப்படிச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

• தீப்புண் பட்டால் உடனே குளிர்ந்த, ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டவும். குழாய் இல்லாவிட்டால் சொம்பால் ஊற்றலாம். தாமதமாகிவிட்டாலும், மூன்று மணி நேரத்துக்குள் ஊற்றினால் பலன் உண்டு.

• ஐஸ் கட்டி வேண்டாம். இங்க், பற்பசை, மாவு, மஞ்சள், வெண்ணெய், எண்ணெய் எதுவும் பூச வேண்டாம்.

• வளையல், மோதிரம், காப்பு, அரைஞாண் ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றவும். தோலோடு ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்கக்கூடாது. கொப்புளத்தை உடைக்கக்கூடாது.

• கைக்குழந்தைக்குப் புண் பட்ட இடத்தில் மட்டும் தண்ணீர் ஊற்றி, மற்ற உடம்பைத் துணியால் போர்த்தி வைக்கவும். குளிரில் நடுங்க விடக்கூடாது.

• முகம், கண், கை, பாதம், மூட்டு, மறைவிடம் இவற்றில் பட்டாலும், குழந்தையின் உள்ளங்கை அளவுக்கு மேல் இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பெரிய காயம் என்றால் 108-ஐக் கூப்பிடவும்.

• உடையில் தீப்பிடித்தால் ஓடக்கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும்.

• வெடிக்காத வெடியை யாரும் தொடக்கூடாது. பெரியவர்கள் காத்திருந்து, எட்ட நின்று தண்ணீர் ஊற்றி நனைத்து அப்புறப்படுத்தவும். சாதாரணக் கம்பி மத்தாப்புகூட ஆயிரம் டிகிரி செல்சியஸ் சூட்டை எட்டும். அணைந்த கம்பியைத் தண்ணீர் வாளியில் போடவும்.

கடைசித் தாள்

கை ஆறிவிட்டது. சுண்டுவிரலை மடக்கும்போது மட்டும் கொஞ்சம் இழுக்கிறது, தினமும் பந்தை அமுக்கிப் பயிற்சி செய்கிறான். பள்ளி திறந்த அன்று அதே கையால்தான் புது நோட்டில் பெயர் எழுதினான். எழுத்து கோணல். நான் ஒன்றும் சொல்லவில்லை.

நான் வீட்டில் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன்: நெருப்பு, மின்சாரம், தண்ணீர், மருந்து, அடிபட்ட காயம் இந்த ஐந்திலும் ஓடி வந்து உண்மையைச் சொன்னால் அடி கிடையாது. "சும்மா சொல்றீங்களாம்மா?" என்று பெரியவள் சந்தேகமாகக் கேட்டாள். காலம்தான் பதில் சொல்லணும் என்றேன்.

விடுமுறையின் கடைசி நாள். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நடுவிலான் வந்து கதவோரம் நின்றான். கையைப் பின்னால் வைத்திருந்தான். எனக்குத் திக்கென்றது.

"அம்மா, இது அந்த அஞ்சுல இல்ல. ஆனாலும் சொல்றேன். பாட்டியோட கறுப்புக் கண்ணாடிய உடைச்சிட்டேன்."

அடுப்பை அணைத்துவிட்டு அவனைக் கட்டிக்கொண்டேன். உள்ளேயிருந்து அத்தையின் குரல்: "போகட்டும் விடு. எனக்குத்தான் இப்ப நல்லாத் தெரியுதே!"

அன்றைய தாளில் அந்த ஒரு வரியை மட்டும் எழுதினேன். பிளஸ் டூ மார்க்கு எழுதிய தாளுக்குப் பக்கத்திலேயே அதையும் குத்தி வைத்திருக்கிறேன்.

தூளி ஆடுகிறது. பாப்பா எழுந்துவிட்டாள். வரட்டுமா?