ஒரு மானி, இரு குடும்பம்

மலைநாட்டு அருவிகளே இலங்கைக்கு ஒளியூட்டின. நுவரெலியாவுக்கு அருகே பிளாக்பூலில் 1912இல் சிறு நீர்மின் நிலையம் எழுந்தது. பொறியியலாளர் விமலசுரேந்திரா கனவு கண்ட லக்சபானத் திட்டம் 1950இல் இயங்கத் தொடங்கிற்று. எனினும், அருவி எத்துணைப் பெரிதாயினும் குடத்தின் வாய் கொள்ளுமளவே நீர் புகும். வீட்டுக்கு வரும் மின்சாரமும் அத்தகையதே.

கந்தப்பளை போன்ற ஊர்களில், குடியிருக்கும் வீட்டை ஒட்டித் தனி வாசலும் அடுக்களையும் குளியலறையும் கொண்ட 'அனெக்ஸ்' ஒன்றைக் கட்டுவோர் உளர். மணமான மகனுக்காயினும் வாடகைக்காயினும், அங்கு வாழப்போவது இன்னொரு குடும்பம். ஆகவே, "இன்னும் நான்கு மின்குமிழ்கள்தாமே!" என்று எண்ணலாகாது.

மாணவர் அறிந்த கணக்கே போதும். வோல்ட்டை அம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும். நமது மின்னழுத்தம் 230 வோல்ட். வீடுகளில் பரவலாக உள்ள 30 அம்பியர் இணைப்பு தாங்குவது 6,900 வாட்.

குளிர்ந்த காலைப்பொழுது ஆறு மணியை எண்ணிப் பாருங்கள். உடனடி வெந்நீர்க் கருவிக்கு 3,500, மின்கேத்தலுக்கு 1,500, இஸ்திரிப்பெட்டிக்கு 1,000, விளக்குக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் 300 வாட் என்று கொண்டால், மொத்தம் 6,300. இது தாங்கும். அதே வேளையில் அனெக்ஸிலும் வெந்நீர்க் கருவியும் கேத்தலும் இயங்கினால் 11,300 வாட். ஏறத்தாழ 49 அம்பியர். ட்ரிப் சுவிட்ச் விழுந்து இரு வீடும் இருளும்.

அப்போது சிலர் செய்யும் காரியமே ஆபத்தானது. பழைய கம்பியை அப்படியே விட்டு, பெரிய ட்ரிப் சுவிட்சைப் பொருத்துவர். காவற்காரனை உறங்க வைத்தால் கள்வன் நுழைவான். கம்பி கொதித்து, உறை உருகி, கூரைக்குள் தீ மூளும்.

வழிகள் இரண்டு. இரு வீட்டாரும் 1,500 வாட் தொட்டி வகை வெந்நீர்க் கருவிக்கு மாறி, துணியை முன்னிரவே தேய்த்து வைத்தால், கூட்டுத்தொகை மீண்டும் 6,300க்கு இறங்கும். இத்தகைய கட்டுப்பாடு நாள்தோறும் இயலாதெனின், மூன்று 'பேஸ்' கொண்ட 30 அம்பியர் இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஒவ்வொரு பேஸும் 6,900 வாட் தரும்; வீட்டுக்கு ஒன்று, அனெக்ஸுக்கு ஒன்று எனப் பிரிக்கலாம்.

வாடகைக்கு விடுவோர் தனி மானி பெறுதலும் நன்று. அலகு ஏற ஏறக் கட்டண விகிதமும் ஏறும். ஒரே மானியில் இரு குடும்பத்தின் அலகுகள் சேர்ந்தால் பணமும் கரையும், உறவும் கசக்கும்.

ஆதலின், அத்திவாரம் வெட்டுமுன்னரே தகுதிபெற்ற மின்பணியாளரைக் கொண்டு கணக்கிட்டு, மின்சார அலுவலகத்தில் விசாரியுங்கள். சுவர் பூசியபின் கம்பி மாற்றுவது இருமடங்கு வேலை.